மைன்கிராப்ட் 'மோட்' திருட்டு: காப்பியடிக்கும் வெப்சைட்டுகளால் கம்ப்யூட்டருக்கும் ஆபத்து! தடுப்பது எப்படி?

"அப்பா, சின்ன பைல்தான்பா... டவுன்லோடு பண்ணிக்கட்டுமா?" என்று பையன் கேட்பான். "சரி சரி, பண்ணிக்கோ" என்று சொல்லிவிட்டு அப்பா டி.வி. பக்கம் திரும்பி விடுவார். அந்த ஒரு கிளிக்கில்தான் விவகாரமே இருக்கிறது.

யாரோ ஒருவர் ராத்திரி பகலாக கண்விழித்து எழுதியதை இன்னொருத்தர் சுருட்டி வைத்திருக்கும் வெப்சைட்டாக அது இருக்கலாம். சில நேரம் பைலோடு சேர்ந்து வைரசும் வீட்டுக்குள் நுழைந்து விடும். கம்ப்யூட்டர் விளையாட்டு உலகில் பல வருடங்களாக நடக்கும் இந்த 'மோட்' திருட்டு பற்றிய விவரம் வருமாறு:-

மோட் என்றால் என்ன?

சுவீடன் தலைநகர் ஸ்டாக்ஹோமில் உள்ள மொஜாங் நிறுவனம் உருவாக்கிய விளையாட்டு மைன்கிராப்ட். 2011-ம் ஆண்டு முழு வடிவில் வெளியானது. 2014-ல் மைக்ரோசாப்ட் நிறுவனம் மொஜாங்கை 250 கோடி டாலருக்கு வாங்கியது. 30 கோடி பிரதிகளுக்கு மேல் விற்று விட்டதாக 2023-ல் அறிவிக்கப்பட்டது.

கட்டைகளை அடுக்கி வீடு, ஊர், கோட்டை என்று கட்டிக்கொண்டே போகலாம். இதில் புது மிருகம், புது மெஷின், புது உலகம் என்று ரசிகர்களே எழுதி சேர்க்கும் புரோகிராம்தான் மோட். பெரும்பாலும் இலவசம். சொந்தமாக எழுதிய மோட் எழுதியவருக்கே சொந்தம், ஆனால் காசுக்கு விற்கக்கூடாது என்பது மொஜாங் விதி.

'கர்ஸ்போர்ஜ்', 'மாட்ரிந்த்' ஆகிய தளங்களில்தான் மோட் எழுதுபவர்கள் தங்கள் பைல்களை நேரடியாக வெளியிடுகிறார்கள். இந்த தளங்கள் தங்கள் வருமானத்தில் ஒரு பங்கை அவர்களுக்கு கொடுக்கின்றன. மாணவர்களுக்கு இது கைச்செலவு காசு. சிலருக்கு கணிசமான வருமானம்.

திருட்டு நடப்பது இப்படித்தான்

காப்பி வெப்சைட்காரர்கள் மோட் பைல், படம், விளக்கம் எல்லாவற்றையும் அப்படியே எடுத்து தங்கள் பக்கத்தில் போட்டுக்கொள்கிறார்கள். சுற்றிலும் விளம்பரம். 'டவுன்லோடு' என்று நாலைந்து பட்டன் இருக்கும். அதில் ஒன்றுதான் நிஜம். மற்றதை தொட்டால் வேறு எங்கோ கொண்டு போய் விடும். கூகுளில் மோட் பெயரை தேடினால் சில நேரம் அசல் பக்கத்துக்கு மேலேயே இந்த காப்பி பக்கம் வந்து நிற்கும். விளம்பர காசு முழுவதும் காப்பியடித்தவருக்கு. எழுதியவருக்கு பைசா கிடையாது.

இதைவிட கொடுமை ஒன்று உண்டு. விளையாட்டின் புதிய பதிப்புக்கு மோட் இன்னும் வெளிவந்தே இருக்காது. ஆனால் 'புதிய பதிப்புக்கு ரெடி' என்று காப்பி தளத்தில் போட்டிருப்பார்கள். டவுன்லோடு செய்தால் பழைய பைல்தான் இருக்கும். விளையாட்டு பாதியில் நின்று விடும். "என்னங்க இப்படி எழுதி வச்சிருக்கீங்க?" என்று திட்டு வாங்குவது மட்டும் எழுதியவர்!

மைன்கிராப்ட் மட்டுமல்ல, மற்ற விளையாட்டுகளிலும் இந்த பிரச்சினை உண்டு. 2016 மே மாதம் 'பால்அவுட் 4' விளையாட்டுக்கு எக்ஸ்பாக்ஸ் ஒன் கருவியிலும் மோட் வசதி வந்தது. உடனே கம்ப்யூட்டருக்காக மற்றவர்கள் எழுதிய மோடுகளை அனுமதி கேட்காமல் தங்கள் பெயரில் ஏற்றி விட்டார்கள் சிலர். இதனால் பெரும் சர்ச்சை கிளம்பியது.

வைரஸ் வரும் வழி

மைன்கிராப்ட் ஜாவா பதிப்பின் மோட் வெறும் படமோ பாட்டோ கிடையாது. அது முழு புரோகிராம். விளையாட்டை திறந்ததும் கம்ப்யூட்டரில் உரிமையாளர் செய்யக்கூடிய எதையும் அதுவும் செய்யலாம். பாஸ்வேர்டு உள்ள பைலையும் படிக்கலாம்.

2023 ஜூன் மாதம் இது நிரூபணம் ஆனது. 'பிராக்சரைசர்' என்ற வைரஸ், மோடுகளுக்குள் ஒளிந்து பரவியது. பிரவுசரில் சேமித்த லாகின் விவரங்கள், மைன்கிராப்ட், டிஸ்கார்டு கணக்குகள் என எல்லாவற்றையும் திருடியது. கம்ப்யூட்டரில் உள்ள மற்ற மோட் பைல்களுக்கும் தொற்றியது. இத்தனைக்கும் அது காப்பி தளத்தில் வந்ததல்ல. சிலரது கணக்குகளை கைப்பற்றி, அசல் தளமான கர்ஸ்போர்ஜிலேயே ஏற்றி விட்டார்கள். அசல் தளத்தில் அதை கண்டுபிடித்து நீக்க ஆள் இருந்தது. ஏற்கனவே காப்பி தளத்துக்கு போய்விட்ட பைலை யார் நீக்குவது? அங்குதான் ஆபத்து அதிகம்.

சட்டம் என்ன சொல்கிறது?

புரோகிராம் எழுதிய நிமிடமே காப்புரிமை எழுதியவருக்கு வந்து விடுகிறது. அமெரிக்காவில் 1998-ல் வந்த டி.எம்.சி.ஏ. சட்டப்படி, திருட்டு பைலை வைத்திருக்கும் சர்வர் நிறுவனத்துக்கு நோட்டீஸ் அனுப்பலாம். தேடலில் இருந்து அந்த பக்கத்தை நீக்கும்படி கூகுளிடமும் கேட்கலாம்.

ஆனால் இதில் 2 சிக்கல். ஒரு பக்கத்தை மூடினால் வேறு பெயரில், வேறு நாட்டு சர்வரில் இன்னொன்று முளைக்கும். அடுத்து, நோட்டீசில் உண்மையான பெயரும் தொடர்பு விவரமும் கொடுக்க வேண்டும். அது எதிராளி கைக்கும் போகலாம். புனைபெயரில் எழுதும் பள்ளி மாணவன் இதற்கு பயந்தே ஒதுங்கி விடுகிறான்.

எழுதுபவர்கள் செய்ய வேண்டியது

* லைசென்சை முதலிலேயே யோசித்து முடிவு செய்ய வேண்டும். எம்.ஐ.டி. போன்ற திறந்த லைசென்சில் வெளியிட்டால், பெயரையும் லைசென்சையும் சேர்த்து போடும் வரை யார் வேண்டுமானாலும் மறுபடி வெளியிடலாம். அப்புறம் திருட்டு என்று புகார் சொல்ல முடியாது.

* அசல் பக்கம் எது என்பதை விளக்கத்திலும், மோடுக்கு உள்ளேயும் எழுதி வைக்கலாம்.

* பைலின் 'ஹாஷ்' எண்ணை வெளியிடலாம். இது பைலின் கைரேகை மாதிரி. ஒரு எழுத்து மாறினாலும் எண் மாறி விடும்.

* கணக்குக்கு 2 அடுக்கு பாதுகாப்பு போடுவது கட்டாயம்.

* நோட்டீஸ் அனுப்பும்போது விளம்பரம் கொடுக்கும் நிறுவனத்துக்கும் புகார் செய்யலாம். காசு நின்றால் கடையை மூடத்தானே வேண்டும்!

விளையாடுபவர்கள் கையில்...

மோட் எழுதுபவர்களும் ரசிகர்களும் சேர்ந்து 'ஸ்டாப் மோட் ரீபோஸ்ட்ஸ்' என்ற இயக்கத்தை தொடங்கினார்கள். காப்பி தளங்களின் பட்டியலை தொகுத்து, அந்த பக்கங்களுக்கு போனால் எச்சரிக்கும் பிரவுசர் வசதியையும் செய்தார்கள். காப்பி தளத்தை பிழைக்க வைப்பது அங்கே வரும் கூட்டம்தான். கூட்டம் நின்றால் விளம்பரமும் நிற்கும் என்பதே இதன் கணக்கு.

எனவே கூகுளில் முதலில் வரும் பக்கத்தை நம்பி விடக்கூடாது. கர்ஸ்போர்ஜ், மாட்ரிந்த் அல்லது எழுதியவரின் சொந்த பக்கத்துக்கு நேராக போய் எடுப்பதே நல்லது. ஏற்கனவே காப்பி தளத்தில் எடுத்திருந்தால் அந்த பைலை அழித்து விட்டு, வைரஸ் சோதனை செய்து, சந்தேகம் இருந்தால் வேறு கம்ப்யூட்டரில் இருந்து பாஸ்வேர்டுகளை மாற்ற வேண்டும்.

அடுத்த முறை பையன் "டவுன்லோடு பண்ணிக்கட்டுமா?" என்று கேட்டால், "எந்த சைட்டுடா அது? எழுதினவரே போட்டதா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். எழுதியவர் உழைப்புக்கும் மரியாதை, வீட்டு கம்ப்யூட்டருக்கும் பாதுகாப்பு.