வீட்டு பிராட்பேண்டுக்கு ரவுட்டர் வாங்கும் முன்

மாதிரி பார்க்காமல் மிளகாய் மூட்டை எடுக்கும் வணிகர் நம்மில் எவரும் இல்லை. ஈரம் எவ்வளவு, நிறம் எப்படி, காம்பு எவ்வளவு என்று கையில் அள்ளிப் பார்த்த பிறகே விலை பேசுகிறோம். அப்படிப்பட்ட நாம், இணைய இணைப்புக்கு ரவுட்டர் வாங்கும்போது மட்டும் 'நாலு ஆன்டெனா உள்ளதாகக் கொடுங்கள்' என்று கேட்டு வாங்கி வந்துவிடுகிறோம்.

நம் உறுப்பினர்களில் பலருக்குக் கீழே கடை, மேலே வீடு. வீட்டுக்கு வாங்கிய ஒரே பிராட்பேண்டு இணைப்பில்தான் பிள்ளைகளின் படிப்பு, டிவி, கடையின் பில்லிங் கம்ப்யூட்டர், கண்காணிப்புக் கேமரா, ஜிஎஸ்டி ரிட்டன் எல்லாம் ஓடுகின்றன. 2016-ல் யு.பி.ஐ. வந்தது, 2017 ஜூலை 1 முதல் ஜிஎஸ்டி வந்தது. அதன் பிறகு, இணைப்பு நின்றால் கல்லாவும் பாதி நின்ற மாதிரிதான். ஆகவே இந்தச் சிறு பெட்டியைப் பற்றி நாமும் விவரம் தெரிந்து வைத்துக்கொள்வது அவசியமாகிறது.

எந்த வகை இணைப்பு?

முதலில் நம் வீட்டுக்கு வருவது கண்ணாடி இழை எனப்படும் ஃபைபரா, பழைய தொலைபேசிச் செம்புக் கம்பியா என்று பார்க்க வேண்டும். ஃபைபர் இணைப்பில் கம்பெனியே ஓ.என்.டி. என்ற பெட்டியைப் பொருத்தித் தருகிறது. பல வீடுகளில் அந்தப் பெட்டியிலேயே வைஃபை சேர்ந்திருக்கும். அது நன்றாக வேலை செய்தால் தனியாக ரவுட்டர் வாங்கத் தேவையே இல்லை. பெட்டியில் வைஃபை இல்லாவிட்டாலோ, பழைய வகையாக இருந்தாலோதான் புதியது தேவை. தொலைபேசிக் கம்பி இணைப்புக்கு மோடமும் சேர்ந்த தனி வகை வேண்டும். அதை ஃபைபர் லைனில் பயன்படுத்த முடியாது.

வாங்கும் முன்பே இணைப்புக் கம்பெனியிடம் இரண்டு விஷயங்களைக் கேட்டுக்கொள்ளுங்கள். சொந்த ரவுட்டர் மாட்ட அனுமதி உண்டா? மாட்டினால் அதில் பதிய வேண்டிய பயனர் பெயரும் கடவுச்சொல்லும் என்ன? வீட்டுத் திட்டத்தைக் கடைக்கும் பயன்படுத்தலாமா என்பதையும் அப்போதே கேட்டுவிடுவது நல்லது.

வேகக் கணக்கு

2004-ல் மத்திய அரசு கொள்கை வகுத்தபோது நொடிக்கு 256 கிலோபிட் கிடைத்தாலே அது பிராட்பேண்டு. 2023-ல் அந்தக் குறைந்தபட்ச அளவு 2 மெகாபிட் ஆக்கப்பட்டது. ஆகவே 'பிராட்பேண்டு' என்ற சொல்லை மட்டும் வைத்து வேகத்தை முடிவு செய்யக் கூடாது. திட்டத்தின் அளவைப் பார்க்க வேண்டும். அந்த அளவும் பிட் கணக்கு. 8 பிட் சேர்ந்தது 1 பைட். 100 மெகாபிட் திட்டம் என்றால் நொடிக்கு 12.5 மெகாபைட் வரைதான் இறங்கும். மணங்கையும் கிலோவையும் குழப்பிக்கொண்டால் என்ன ஆகும் என்று நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

யு.பி.ஐ. வரவுக்கும் பில் போடுவதற்கும் மிகச் சிறிய வேகம் போதும். தெளிவான வீடியோ ஒன்றுக்குச் சுமார் 5 மெகாபிட், மிக உயர்ந்த தரமான 4கே வீடியோவுக்குச் சுமார் 15 முதல் 25 மெகாபிட் தேவைப்படும். ஐந்து பேர் கொண்ட குடும்பமும் ஒரு மளிகைக் கடையும் சேர்ந்தாலும் 100 மெகாபிட் பெரும்பாலும் தாராளம். இதில் குறை வந்தால் லைனைக் குற்றம் சொல்லும் முன் ரவுட்டரைப் பார்க்க வேண்டும்.

ரவுட்டர் பெட்டியின் மேல் 'ஏ.சி.1200' என்று போட்டிருக்கும். இது 300 மெகாபிட், 867 மெகாபிட் என்ற இரண்டு அலைவரிசைகளின் உச்ச வேகத்தையும் கூட்டிப் போட்ட எண். எந்த ஒரு போனுக்கும் 1200 கிடைக்காது.

இதைவிட முக்கியமானது பின்புறத் துளை. விலை குறைந்த பெட்டிகளில் 'ஃபாஸ்ட் ஈதர்நெட்' என்று இருக்கும். பெயர்தான் ஃபாஸ்ட்; அதன் அளவு 100 மெகாபிட். நீங்கள் 200 மெகாபிட் திட்டத்துக்குப் பணம் கட்டினாலும் அதற்கு மேல் உள்ளே வராது. டின் எவ்வளவு பெரிதானாலும் புனலின் வாய் அளவுக்குத்தானே எண்ணெய் இறங்கும்? 100-க்கு மேற்பட்ட திட்டம் என்றால் 'கிகாபிட்' துளை உள்ளதையே கேட்டு வாங்க வேண்டும்.

இரண்டு அலைவரிசைகள்

வைஃபை பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என்ற இரண்டு அலைவரிசைகளில் செல்கிறது. 2.4 சுவரைத் தாண்டி அதிக தூரம் போகும், வேகம் குறைவு. அதில் ஒன்றுக்கொன்று மோதாத தடங்கள் 1, 6, 11 என்று மூன்றுதான். கடைத்தெருவில் இருபது கடைகளும் இந்த மூன்றுக்குள்தான் நெருக்கியடித்துக்கொள்கின்றன. மைக்ரோவேவ் அடுப்பும் புளூடூத்தும் இதே அலைவரிசைதான். 5-ல் நெருக்கடி குறைவு, வேகம் அதிகம். ஆனால் சுவரில் சீக்கிரம் மங்கிவிடும். கேமரா, பில் பிரின்டர், பழைய போன் போன்றவற்றில் பல 2.4-ஐ மட்டுமே அறியும். ஆகவே இரண்டும் உள்ள 'டூயல் பேண்டு' வாங்குவதே சரி.

தலைமுறை எண்ணும் உண்டு. வைஃபை 4-க்கான தரம் 2009-லும் வைஃபை 5-க்கானது 2013-லும் வந்தன. வைஃபை 6 கருவிகளுக்கு 2019-லும் வைஃபை 7 கருவிகளுக்கு 2024-லும் சான்று வழங்கத் தொடங்கினார்கள். ஒரே நேரத்தில் பல கருவிகளைச் சமாளிப்பதில் 6 தேர்ந்தது. நமக்கு அது போதும். வீட்டில் உள்ள போன்கள் 7-ஐ ஏற்காதபோது அதற்குக் கூடுதல் விலை கொடுப்பது வீண். ஆன்டெனாவின் எண்ணிக்கையும் தூரத்துக்கு அளவுகோல் அல்ல. எவ்வளவு சக்தியில் அலையை அனுப்பலாம் என்பதற்குச் சட்டத்தில் வரம்பு உண்டு.

எண்ணெய் டின்னுக்குப் பின்னால்

நமக்குத் தெரிந்த மளிகைக்காரர் ஒருவர், பில்லிங் அடிக்கடி நிற்கிறது என்று 50 மெகாபிட் திட்டத்தை 100 ஆக்கினார். பிறகு 200 ஆக்கினார். அந்தத் தீபாவளிக்கு முந்தைய வாரம், மாலை நேரக் கூட்டத்தில் மறுபடியும் நின்றது. பணம் போனதா இல்லையா என்று வாடிக்கையாளர்கள் போனைத் தூக்கிக் காட்டிக்கொண்டு நிற்க, இரண்டு பேர் சாமான்களை அப்படியே வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். மறுநாள் அவர் மகன் லேப்டாப்பை கேபிள் மூலம் நேராக ரவுட்டரில் சொருகிப் பார்த்தான். முழு வேகமும் வந்தது. லைனில் குறையே இல்லை. மேசைக்கு அடியில், எண்ணெய் டின்களுக்கும் தண்ணீர் கேன்களுக்கும் பின்னால் ரவுட்டர் கிடந்தது. தகரம் அலையைத் தடுக்கும், தண்ணீர் அலையை உறிஞ்சும். அதைத் தலைக்கு மேல் உயரத்தில், திறந்த இடத்தில் மாட்டியதும் குறை தீர்ந்தது. திட்டத்தையும் 100-க்கே இறக்கிக்கொண்டார்.

இந்தச் சோதனையை நாம் எல்லோரும் செய்யலாம். முதலில் கேபிளில், அடுத்து ரவுட்டர் பக்கத்தில் வைஃபையில், கடைசியாகக் கல்லா அருகில் வேகத்தை அளக்க வேண்டும். கேபிளிலேயே குறைந்தால் லைனையோ துளையையோ பார்க்க வேண்டும். கல்லாவில் மட்டும் குறைந்தால் ரவுட்டர் இருக்கும் இடம்தான் காரணம்.

மாடிக்கும் கடைக்கும் நடுவே உள்ள கான்கிரீட் தளத்தில் இரும்புக் கம்பி பின்னியிருக்கும். அதைத் தாண்டி அலை போவது கடினம். மேலிருந்து கீழே ஒரு கேட்-6 கேபிள் இழுத்து, முனையில் இன்னொரு வைஃபை பெட்டி வைப்பதே உறுதியான வழி. 100 மீட்டர் வரை கேபிளில் வேகம் குறையாது. முழுச் செம்புக் கேபிளாகக் கேளுங்கள். அலுமினியத்தின் மேல் செம்பு பூசியதும் மலிவாக விற்கப்படுகிறது. 'ரிப்பீட்டர்' வாங்கினால், ஒரே அலைவரிசையில் வாங்கி அதிலேயே திருப்பி அனுப்புவதால் வேகம் ஏறக்குறைய பாதியாகிவிடும்.

பூட்டு

ஷட்டருக்கு இரண்டு பூட்டுப் போடும் நாம், வைஃபையைத் திறந்து போடலாகாது. 2008 ஜூலையில் அகமதாபாத் குண்டுவெடிப்புக்குச் சற்று முன் வந்த மின்னஞ்சல், நவி மும்பையில் ஒருவரின் வீட்டு வயர்லெஸ் இணைப்பு வழியாகப் போயிருந்தது. அனுப்பியவர் வேறு, ஆனால் போலீஸ் முதலில் வந்து நின்றது இணைப்புக்குச் சொந்தக்காரரின் வாசலில்.

டபிள்யூ.பி.ஏ.2 பாதுகாப்பாவது இருக்க வேண்டும். 2018-ல் வந்த டபிள்யூ.பி.ஏ.3 இன்னும் மேல். பழைய டபிள்யூ.இ.பி. பூட்டு 2001-லேயே உடைக்கப்பட்டது. ரவுட்டரின் நிர்வாகக் கடவுச்சொல்லை வாங்கிய அன்றே மாற்றிவிடுங்கள். விருந்தினருக்கான 'கெஸ்ட்' இணைப்பு வசதி உள்ளதாக வாங்கினால், வாடிக்கையாளர் கேட்கும்போது அதைக் கொடுக்கலாம். பில்லிங் கம்ப்யூட்டர் இருக்கும் இணைப்பைக் கொடுக்க வேண்டியதில்லை. மென்பொருள் திருத்தங்களைத் தொடர்ந்து தரும் கம்பெனியா என்றும் விசாரியுங்கள்.

மின்வெட்டும் பில்லும்

ரவுட்டர்களில் பெரும்பாலானவை 12 வோல்ட்டில் ஓடுகின்றன. இதற்கென்றே சிறு யு.பி.எஸ். கிடைக்கிறது. வோல்ட், ஆம்பியர், பின் மூன்றும் பொருந்துகின்றனவா என்று பார்த்து வாங்குங்கள். ஓ.என்.டி. தனிப் பெட்டியாக இருந்தால் அதற்கும் மின்சாரம் வேண்டும். ஒன்றுக்கு மட்டும் கொடுத்துவிட்டு இணைப்பு வரவில்லை என்று தேடுவோர் பலர். அடாப்டரில் பி.ஐ.எஸ். பதிவு எண் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

ரவுட்டருக்கு ஜிஎஸ்டி 18 சதவிகிதம். பில்லில் நம் ஜிஎஸ்டி எண்ணையும் பெட்டியின் வரிசை எண்ணையும் எழுதச் சொல்ல வேண்டும். வணிகத்துக்குப் பயன்படும் பங்குக்கு மட்டுமே உள்ளீட்டு வரி வரவு எடுக்கலாம். காம்போசிஷன் திட்டத்தில் உள்ளவர்களுக்கு அந்த வரவு கிடையாது. உத்தரவாதம் கோர இந்தப் பில்லே ஆதாரம்.

கடைக்குப் போகும்போது சிட்டையில் குறித்துக்கொள்ள வேண்டியவை இவ்வளவுதான்: நம் இணைப்பின் வகை, திட்டத்தின் வேகம், கிகாபிட் துளை, டூயல் பேண்டு, வைஃபை 6, டபிள்யூ.பி.ஏ.3, கெஸ்ட் வசதி, உத்தரவாதக் காலம். விலை அடிக்கடி மாறுவதால் இங்கே குறிப்பிடவில்லை. இரண்டு மூன்று கடைகளில் விசாரித்து வாங்குங்கள். வாங்கி வந்த பிறகு அதை எண்ணெய் டின்னுக்குப் பின்னால் மட்டும் வைத்துவிடாதீர்கள்.