'அரிசி' என்னும் சொல்லின் மூலம்: சில சிந்தனைகள்

உலு திராம் போன்ற ஜொகூர் மாநில ஊர்களில் மளிகைக் கடைப் பலகைகளில் 'கெடாய்', 'பெராஸ்' என்னும் மலாய்ச் சொற்களைக் காண்பது அரிதன்று. முன்னது தமிழ்க் 'கடை' என்பதன் திரிபு, இதில் ஐயமில்லை. பின்னது உமி நீக்கிய அரிசியைக் குறிக்கும். இதனையும் தமிழ் 'அரிசி'யோடு இணைத்துக் காண்போர் உளர். ஆயின், ஒலியொப்புமை மட்டுமே உறவுக்குச் சான்றாகாது.

மலாய்ப் 'பெராஸ்' தகலாகு மொழியில் 'பிகாஸ்' என வழங்கும். நரம்பைக் குறிக்கும் மலாய் 'உராட்' அங்கு 'உகாட்' ஆகும். மலாய் ரகரத்திற்குத் தகலாகுக் ககரம் முறையாக நேர்நிற்பதால், 'பெராஸ்' ஆஸ்திரோனேசியக் குடும்பத்தின் மரபுச் சொல்லே எனத் தெளியலாம்.

'அரிசி'யே கிரேக்க 'ஒரூசா'வாகி, ஆங்கில 'ரைஸ்' ஆயிற்று என்னும் கருத்தைக் கால்டுவெல் 1856-இல் வெளியிட்ட ஒப்பிலக்கணம் பரப்பியது. இன்றும் வகுப்பறைகளில் இது முடிந்த முடிபாகக் கூறப்படுகிறது. ஆயின், கி.மு. 327-325-இல் அலெக்சாந்தர் வடமேற்கு இந்தியாவிற்குப் படையெடுத்த பின்னர், தியோபிராசுட்டசு இச்சொல்லை ஆள்கிறார். முசிறிக் கடல்வணிகம் செழித்தது கி.பி. முதல் நூற்றாண்டளவில். அதர்வ வேதத்து 'வ்ரீஹி', பஷ்தூ 'வ்ரிஜே' ஆகியவற்றை நோக்க, ஈரானிய மொழிகளின் வழியே அச்சொல் சென்றது என்பதே பொருந்துவதாகும்.

இனித் திராவிட மொழிகளுக்குள் நோக்குவோம். தெலுங்கு 'வரி', கோண்டி 'வஞ்சி' முதலியவற்றைக் கொண்டு பத்ரிராஜு கிருஷ்ணமூர்த்தி *வரிஞ்சி என்னும் தொல்வடிவத்தை மீட்டுருவாக்கினார். உடுக்குறி, அவ்வடிவம் எந்த ஏட்டிலும் காணப்படாது ஊகித்துப் பெறப்பட்டது என்பதை உணர்த்தும். பரோ, எமனோ ஆகியோரின் சொற்பிறப்பு அகராதியோ 'அரிசி'யையும் 'வரி'யையும் தனித்தனிப் பதிவுகளாகவே தருகிறது. 'வழி', 'வரை', 'வாய்' ஆகியவற்றில் மொழிமுதல் வகரத்தைக் காக்கும் தமிழ், 'அரிசி'யில் மட்டும் அதனை இழந்தது ஏன்? 'அரி' என்னும் வினையிலிருந்து பிறந்தது எனக் கொண்டால் இத்தடை நீங்கும். ஆனால் 'வரி'யோடுள்ள உறவு அறுபடும். 'வ்ரீஹி' திராவிடத்திலிருந்து பெறப்பட்டதா, வேறொரு மறைந்த மொழியிலிருந்து இரண்டும் பெற்றனவா என்பதும் முடிவாகவில்லை.

இந்நிலை தமிழுக்கு மட்டும் உரியதன்று. இரும்பைக் குறிக்கும் ஐரிஷ், வெல்சுச் சொற்களிலிருந்து *ஈசர்னோ எனும் தொல்கெல்த்தியச் சொல்லை மீட்டுருவாக்கிய அறிஞரும் அதன் வேர் குறித்துக் கருத்து வேறுபடுகின்றனர்.

எனவே, 'கெடாய்' உறுதியான கடன், 'பெராஸ்' கடனன்று, 'அரிசி'யின் மூலம் ஆய்வுக்குரியது என மூன்றையும் வேறுபடுத்திக் கற்பித்தல் ஆசிரியர் கடமையாகும். உறுதியற்றதை உறுதியெனக் கூறின், உறுதியானவற்றின் மீதும் மாணவர் ஐயங்கொள்வர்.