சிவாஜியை சுட்டது யார்? நண்பர்களோடு பார்க்க ஒரு 'அந்த நாள்'

சென்னை:

படம் ஆரம்பித்த உடனேயே கதாநாயகன் குண்டடி பட்டு சுருண்டு விழுகிறார். விழுவது யார் தெரியுமா? சாட்சாத் சிவாஜி கணேசன்! கொன்றது யார் என்று கண்டுபிடிப்பதுதான் மீதிப் படம்.

1954-ல் ஏவி.எம். தயாரிப்பில் வந்த 'அந்த நாள்' தான் அது. பாட்டு கிடையாது, டான்ஸ் கிடையாது, சண்டையும் கிடையாது. பாடல் இல்லாமல் வந்த முதல் தமிழ்ப் படம் என்று பெயர் வாங்கியது. டைரக்டர் எஸ்.பாலசந்தர் பிற்காலத்தில் வீணை மேதையாகப் புகழ் பெற்றவர். சங்கீதக்காரர் எடுத்த படத்தில் ஒரு பாட்டு கூட இல்லை என்பதுதான் வேடிக்கை!

பாட்டை எதிர்பார்த்து வந்த அந்தக் கால ரசிகர்கள் ஏமாந்து போனார்கள். வசூலும் சரியில்லை. ஆனால் இன்றைக்கு நாலைந்து நண்பர்கள் கூடி உட்கார்ந்து பார்க்க இதை விட நல்ல படம் கிடைப்பது கஷ்டம். காரணம், கதை சொல்லப்படும் விதம்.

ஆளுக்கு ஒரு கதை

கதை நடப்பது 1943 அக்டோபரில். சென்னையில் ஜப்பான் விமானம் நிஜமாகவே குண்டு போட்ட சமயம். ரேடியோ என்ஜினீயர் ராஜன் (சிவாஜி) சுட்டுக் கொல்லப்படுகிறார். சி.ஐ.டி. அதிகாரி சிவானந்தம் (ஜாவர் சீதாராமன்) விசாரிக்க வருகிறார். படத்தின் திரைக்கதையை எழுதியவரும் இவரே.

பக்கத்து வீட்டு சின்னையா பிள்ளை, ராஜனின் தம்பி பட்டாபி மீது சந்தேகப்படுகிறார். பட்டாபியோ சொந்த மனைவி ஹேமாவையே கை காட்டுகிறார். ஹேமா, ராஜனின் காதலி அம்புஜத்தைச் சொல்கிறார். அம்புஜமோ சின்னையா பிள்ளை மீது பழி போடுகிறார். வட்டம் சுற்றி ஆரம்பித்த இடத்துக்கே வந்து விட்டதா? ராஜனின் மனைவி உஷாவும் (பண்டரிபாய்) வீட்டில் இருக்கிறார்.

ஜப்பானில் அகிரா குரோசவா 1950-ல் எடுத்த 'ராஷோமான்' படத்தின் பாதிப்பு இதில் உண்டு என்பார்கள். அதில் நடந்த ஒரே சம்பவத்தை ஆளுக்கொரு விதமாகச் சொல்வார்கள். இதில் ஆளுக்கொருவரைக் குற்றவாளி ஆக்குகிறார்கள்.

நடுவில் நிறுத்துங்க!

நாலு பேரும் சொல்லி முடித்ததும் படத்தை நிறுத்தி விடுங்கள். கொலையாளி பெயரை ஆளுக்கொரு சீட்டில் எழுதி மடித்து வையுங்கள். "தம்பிதான்டா, பணத்தகராறு" என்பார் ஒருவர். "போடா, அந்தம்மா முழியே சரியில்ல" என்பார் இன்னொருவர். ஏன் அப்படி நினைக்கிறோம் என்று எல்லோரும் கட்டாயம் காரணம் சொல்ல வேண்டும். அப்போதுதான் ஒரு உண்மை விளங்கும். ஆதாரத்தை வைத்து யாரும் பேசுவதில்லை. பிடிக்காதவர் மேல்தான் முதல் சந்தேகம் விழுகிறது. படத்தில் வரும் சாட்சிகளும் அப்படித்தான். நம்ம தெரு வம்புப் பேச்சும் அப்படித்தான்!

அப்புறம்தான் விவாதம்

சீட்டைப் பிரித்துப் பார்ப்பதோடு பேச்சு முடியாது. ராஜன் லேசுப்பட்ட ஆள் இல்லை, மூளைக்காரர். தன் திறமைக்கு அரசாங்கம் மதிப்புக் கொடுக்கவில்லை என்ற கசப்பில் நாட்டு ரகசியத்தை ஜப்பானுக்கு விற்கத் துணிகிறார். ஆண்டது வெள்ளைக்கார அரசாங்கம். ஆனால் குண்டு விழுந்தால் சாவது நம்ம ஜனங்கள். திறமையை ஒதுக்கியது தப்பா? அதற்காக ஊரையே காட்டிக் கொடுத்தது தப்பா? கட்டிய கணவனே துரோகி என்று தெரிந்தால் வீட்டில் இருப்பவர் என்ன செய்வது?

இந்தக் கேள்விகளுக்கு ஒரே வீட்டில் நாலு பதில் வரும். படம் வந்து 70 வருடம் தாண்டியும் இந்த விவாதம் பழசாகவில்லை.

கொலையாளி யார் என்று நாங்கள் சொல்லப் போவதில்லை. பார்த்தவர்களும் பக்கத்தில் இருப்பவரிடம் மூச்சு விடாதீங்க!