வழுக்கைக்கு மருந்து: பயனும் வரம்பும்

ஆண்களிடையே பெருவழக்காகக் காணப்படும் வழுக்கை, தலைக்கு எண்ணெய் தேய்க்காமையால் வருவதன்று. பரம்பரையும் ஹார்மோனும் சேர்ந்து விளைவிப்பது. 1942-ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் ஜேம்ஸ் ஹாமில்டன் இதனை எடுத்துக்காட்டினார். பருவம் எய்துமுன் விதை நீக்கப்பட்டோருக்கு இவ்வழுக்கை விழவில்லை. ஆண் ஹார்மோனாகிய டெஸ்டோஸ்டிரோன் செலுத்தப்பட்டபோது, பரம்பரைப் பாங்கு உடையோருக்கே முடி உதிர்ந்தது.

காரணம் யாது?

‘5-ஆல்பா ரிடக்டேஸ்’ என்னும் நொதி, டெஸ்டோஸ்டிரோனை அதனினும் வலிய டைஹைட்ரோடெஸ்டோஸ்டிரோனாக மாற்றுகிறது. இதன் தூண்டுதலால், மரபுப் பாங்குடைய மயிர்க்கால்கள் படிப்படியாகச் சுருங்குகின்றன. முடியின் வளர்ச்சிக் காலம் குறைகிறது. தடித்த முடி இருந்த இடத்தில் பூனைமயிர் தோன்றுகிறது.

இந்நொதி பிறவியிலேயே குறைந்திருந்த டொமினிக்கன் குடியரசுக் குடும்பங்களைப் பற்றிய ஆய்வு 1974-இல் வெளியாயிற்று. அக்குடும்பத்து ஆண்களிடம் புராஸ்டேட் சுரப்பி சிறுத்தே இருந்தது. முன்நெற்றி மயிரும் பின்வாங்கவில்லை. இக்கண்டுபிடிப்பு மருந்து ஆராய்ச்சிக்கு வழிகாட்டிற்று.

இரு மருந்துகள்

அந்நொதியைத் தடுப்பது ஃபினாஸ்டரைடு. அமெரிக்காவில் இது 1992-இல் புராஸ்டேட் வீக்கத்துக்கு 5 மில்லிகிராம் அளவிலும், 1997-இல் ஆண்களின் வழுக்கைக்கு 1 மில்லிகிராம் அளவிலும் அனுமதிக்கப்பட்டது. இரத்தத்தில் டைஹைட்ரோடெஸ்டோஸ்டிரோனை இது சுமார் 70 விழுக்காடு குறைக்கிறது.

மினாக்சிடிலின் வரலாறு வேறு. 1979-இல் இரத்த அழுத்த மாத்திரையாக வந்த இம்மருந்தை உண்டவர்களுக்கு உடலில் முடி மிகுதியாக வளர்ந்தது. எனவே, தலையில் தடவும் 2 விழுக்காட்டுக் கரைசலாக 1988-இல் அமெரிக்காவில் ஏற்கப்பட்டது. இது ஹார்மோனைத் தடுப்பதில்லை. முடியின் வளர்ச்சிக் காலத்தை நீட்டுகிறது.

எச்சரிக்கை தேவை

இவை உள்ள முடியைக் காக்கவும், ஓரளவு மீட்கவும் வல்லவை. வழுக்கையை வேரறுப்பவை அல்ல. பயன் தெரியப் பல மாதங்கள் ஆகும். நிறுத்தினால் ஏறத்தாழ ஓராண்டில் அது மறையும். ஃபினாஸ்டரைடு உண்போருள் சிலருக்குப் பாலுணர்வு குன்றலாம், மனச்சோர்வும் நேர்ந்ததுண்டு. கருவிலுள்ள ஆண் சிசுவுக்குக் கேடு விளையக்கூடுமாதலால், கருவுற்ற பெண்கள் உடைந்த மாத்திரையைத் தொடலாகாது. ஆகவே மருத்துவரின் ஆலோசனை இன்றியமையாதது.

நம் நாட்டில் 1945-ஆம் ஆண்டு மருந்து விதிகளின் ‘ஜே’ அட்டவணையில் வழுக்கையும் இடம்பெற்றுள்ளது. அதில் கண்ட நோய்களைத் தடுப்பதாகவோ குணப்படுத்துவதாகவோ எம்மருந்தும் உரிமை கொண்டாடலாகாது. சில வாரங்களில் முடி முளைக்கும் என்னும் விளம்பரத்தை நம்பிப் பொருளிழக்கும் இளைஞர், இவ்விதியையும் அதன் பின்னுள்ள அறிவியலையும் ஒருங்கே அறிந்திருத்தல் நலம்.