ஸ்டாலியன்: பாதையற்ற நிலத்துக்கான லாரி

ஆவடியில் உருவாகும் டாங்கிகளை அறிந்த அளவுக்கு, படைக்குத் தேவையான உணவையும் குண்டுகளையும் எரிபொருளையும் சுமந்து செல்லும் லாரியைத் தமிழ் வாசகர்கள் அறிந்திருக்கவில்லை. அது வருந்தத்தக்கது, ஏனெனில் இன்று இந்தியத் தரைப்படையின் சுமையில் பெரும்பகுதியைத் தாங்கும் ஸ்டாலியன், 1948இல் எண்ணூரில் அசோக் மோட்டார்ஸாகத் தொடங்கி 1955இல் பெயர் மாறிய அசோக் லேலண்டின் படைப்பு.

அதற்கு முன் அப்பணியைச் செய்தது, ஜெர்மனியின் மான் நிறுவன உரிமத்தின் பேரில் 1959 முதல் ஜபல்பூரில் தயாரான சக்திமான். அதன் வடிவமைப்பு பழமைப்பட்டபின், 1990களில் ஸ்டாலியன் அவ்விடத்துக்கு வந்தது. சாலையில் 7.5 டன்னும், சாலையற்ற நிலத்தில் 5 டன்னும் அது சுமக்கும். இவ்வேறுபாடே கரடுமுரடான நிலம் வண்டியிடம் எவ்வளவு கேட்கிறது என்பதைக் காட்டிவிடுகிறது.

சாதாரண லாரியில் எஞ்சினின் விசை பின்னச்சுக்கு மட்டுமே செல்ல, ஸ்டாலியனில் டிரான்ஸ்பர் கேஸ் என்னும் பிரிப்புப் பெட்டி அதை முன்னச்சுக்கும் பங்கிடுகிறது. அச்சின் நடுவிலுள்ள டிபரன்ஷியல், வளைவில் இரு சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுழல இடமளிப்பது. ஆனால் ஒரு சக்கரம் சேற்றில் சிக்கினால் சுழற்சி முழுவதும் பிடிப்பற்ற அச்சக்கரத்துக்கே போய்விட, மற்றது அசையாமல் நின்றுவிடும். புதுக்கோட்டை மாவட்டத்தின் அறந்தாங்கி, ஆலங்குடி வயல்களில் சேற்றுழவின்போது டிராக்டர் ஓட்டுநர் மிதிக்கும் டிபரன்ஷியல் லாக், இரு சக்கரங்களையும் ஒன்றாகப் பிணைத்து இச்சிக்கலைத் தீர்க்கிறது; கடுநிலத்துக்கான ராணுவ லாரிகளில் விசையைப் பூட்டும் ஏற்பாடும் இதே தத்துவத்தில் அமைந்ததுதான்.

சேற்றைவிடக் கடினமான சோதனை லடாக்கின் உயரம். 5,300 மீட்டரைத் தாண்டிய கார்துங் லா கணவாயில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறக்குறைய பாதியே என்பதால், எரிபொருளை முழுமையாக எரிக்கப் போதிய ஆக்சிஜன் எஞ்சினுக்குக் கிடைப்பதில்லை. வெளியேறும் புகையின் வேகத்தாலேயே ஒரு விசிறியைச் சுழற்றிக் காற்றை அழுத்தி உள்ளே செலுத்தும் டர்போசார்ஜர் இக்குறையைப் பெருமளவு ஈடுசெய்கிறது. கடுங்குளிரில் டீசலிலுள்ள மெழுகு உறைந்து குழாயை அடைப்பதோ எரிபொருளின் சிக்கல். அதற்காகவே இந்தியன் ஆயில் 2019இல் லடாக்குக்கென மைனஸ் 33 டிகிரியிலும் உறையாத டீசலை அளித்தது.

சக்திமான் உருவான அதே ஜபல்பூருக்கு ஸ்டாலியனின் பாகங்கள் தொகுதிகளாகச் சென்று, அங்குள்ள வாகனத் தொழிற்சாலையில் கோக்கப்பட்டு முழு வண்டியாயின. ஒரே அடிச்சட்டத்தின் மீது குடிநீர்த் தொட்டியும் எரிபொருள் தொட்டியும் கிராட் ராக்கெட் ஏவுகலமும் ஏற்றப்படுவதால், எல்லையிலுள்ள பழுதுநீக்குநர் ஒரு வண்டியைக் கற்றால் பல வண்டிகளைச் சீராக்க முடிகிறது.