செங்காந்தளும் இன்சுலின் சுரப்பும்: செல் சட்டகத்தின் இருமுகப் பணி

தமிழ்நாட்டின் மாநில மலராகிய செங்காந்தள், ஸ்ரீவில்லிபுத்தூரை ஒட்டிய மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்துக்குப் புதிய கொடியன்று. கண்வலிக்கிழங்கு எனப்படும் அதன் கிழங்கிலும் விதையிலும் கோல்சிசின் என்னும் நச்சு அல்கலாய்டு உள்ளது. மூலனூர், ஒட்டன்சத்திரம் வட்டாரங்களில் விதைக்காகவே இது பயிரிடப்படுகிறது. செல்கள் தம் சுரப்பை எவ்வாறு கட்டுப்படுத்துகின்றன என்ற வினாவை ஆய்வாளர் முன்வைத்த பொருள்களுள் கோல்சிசின் முதன்மையானது. அவ்வினாவுக்குக் கிடைத்த விடைகள் ஒன்றோடொன்று முரண்பட்டமையை இக்கட்டுரை விளக்குகிறது.

செல் சட்டகத்தில் ஏறத்தாழ 25 நானோமீட்டர் விட்டமுள்ள நுண்குழல்களும் 7 நானோமீட்டர் அளவிலான ஆக்டின் இழைகளும் உள்ளன. நுண்குழல், டியூபுலின் என்னும் புரதத்தாலானது. கோல்சிசின் டியூபுலினோடு பிணைந்து குழல் வளர்வதைத் தடுக்கிறது. 1968இல் பால் லேசி குழுவினர், கோல்சிசின் செலுத்தப்பட்ட கணையத் திட்டுகளில், குளுக்கோஸ் தூண்டியபோதும் இன்சுலின் வெளியீடு குறைந்ததைக் கண்டனர். இன்சுலின் நுண்பைகளைச் செல்லின் விளிம்புக்குக் கொண்டுசெல்வன நுண்குழல்களே என்ற கருதுகோள் இதிலிருந்து எழுந்தது. வகுப்பறைகளில் நாம் கூறும் 'தண்டவாளம்' உவமையும் இக்கருத்தைச் சார்ந்ததே.

ஆக்டின் தொடர்பான முடிவு இதற்கு நேர்மாறானது. பீட்டா செல்லின் சவ்வுக்கு அடியில் ஆக்டின் வலை ஒன்றுள்ளது. பூஞ்சையிலிருந்து கிடைக்கும் சைட்டோகலாசின் அவ்வலையைக் குலைக்கும்போது இன்சுலின் வெளியீடு மிகுகிறது என்பதை ஓர்சி, காபே, மலேஸ் ஆகியோர் 1972இல் விவாதித்தனர். அட்ரினல் மெடுல்லாவின் குரோமாஃபின் செல்களிலும், தூண்டலின்போது நுழையும் கால்சியம் இவ்வலையை ஆங்காங்கே கரைத்து நுண்பைகளுக்கு வழிவிடுகிறது. நரம்பு முனையிலோ, சினாப்சின் என்னும் புரதம் நரம்புக்கடத்திப் பைகளைச் சேமிப்பில் பிணைத்து வைக்கிறது. அதில் பாஸ்பேட் சேரும்போது பிணைப்பு தளர்கிறது. ஆக, ஆக்டின் வலை பெரும்பாலும் தடுப்பாகவே அமைகிறது. எனினும் அதனைத் தடுப்பென மட்டும் கொள்வதும் பிழை. நுண்பை சவ்வோடு இணையும் இறுதிக் கட்டத்தில் ஆக்டின் துணைபுரிவதும் உண்டு.

நுண்குழல் பற்றிய கருத்து 2015இல் மாறியது. பீட்டா செல்லின் நுண்குழல்கள் கோல்கை உறுப்பிலிருந்து தோன்றித் திசையற்ற அடர்வலையாகப் பரவுகின்றன என்று காவெரினா, கு ஆகியோரின் குழு காட்டியது. அவற்றின்மீது நகரும் நுண்பைகள் விளிம்பை அடைவதுபோலவே விளிம்பிலிருந்து பின்வாங்கவும் செய்கின்றன. குளுக்கோஸ் மிகும்போது நுண்குழல்கள் குலைகின்றன, பின்வாங்கல் தடைப்படுகிறது, சுரப்பு உயர்கிறது. நொகோடசோல் என்ற மருந்தால் குழல்களைக் குலைத்தபோதும் சுரப்பு மிகுந்தது.

அவ்வாறெனில் 1968ஆம் ஆண்டின் முடிவு தவறா? அன்று என்பதே என் கருத்து. பீட்டா செல் ஒன்றில் ஏறத்தாழ 10,000 நுண்பைகள் உள்ளன. உடனடி வெளியீட்டுக்கு ஆயத்தமாயிருப்பவை அவற்றுள் மிகச் சிலவே. நுண்குழல்கள் நெடுநேரம் குலைந்திருந்தால் கோல்கையின் அமைப்பே சிதறும். புதிய நுண்பைகளின் வரவு குன்றும். குறுகிய நேரக் குலைவிலோ, முன்பே உருவானவை விளிம்பில் தங்கிவிடும். சோதனைக் காலத்தைக் குறிப்பிடாமல் இவ்விரு முடிவுகளையும் எதிரெதிரே நிறுத்துவது பொருந்தாது.

நீரிழிவுற்ற எலிகளின் பழுதுற்ற பீட்டா செல்களில் நுண்குழல் அடர்த்தி மிகுந்திருப்பதையும் அதே ஆய்வு கண்டது. ஆனால் கோல்சிசின் எச்செல்லின் டியூபுலினையும் விட்டுவைப்பதில்லை. எலும்பு மச்சையிலும் குடலிலும் செல் பிரிவதை அது நிறுத்திவிடும். ஆதலின் கண்வலிக்கிழங்கை நீரிழிவு மருந்தாகக் கொள்ள இம்முடிவுகளில் இடமில்லை.