அடிப்பிடித்த பாத்திரமும் அடுப்புச் சாம்பலும்

பழனியாண்டவருக்குரிய பஞ்சாமிர்தம், வாழைப்பழம், நாட்டுச் சர்க்கரை, தேன், நெய், பேரீச்சை முதலியவற்றை அடுப்பேற்றாமலேயே பிசைந்து செய்யப்படுவதாகையால், அதைத் தயாரிப்போருக்குப் பாத்திரம் தீய்ந்துபோகும் கவலை கிடையாது. ஆனால் அம்மலைக்கு அருகிலேயே, பாலாறு பொருந்தலாறு அணையின் பக்கத்திலுள்ள பாலசமுத்திரத்தில், நெய்க்காரப்பட்டிச் சந்தை வெல்லத்தை இட்டுத் தைப்பொங்கலன்று சர்க்கரைப் பொங்கல் கிளறும் இல்லத்தரசிக்கு அந்தப் பாக்கியம் இல்லை.

பாத்திரத்தில் ஈரம் உள்ளவரை உஷ்ணம் 100 டிகிரியை விட்டு அதிகம் ஏறுவதில்லை; அடியிலுள்ள நீர் வற்றிய க்ஷணத்தில் அது மளமளவென்று உயர, வெல்லம் முதலில் பழுப்புப் பாகாகிப் பின்னர் கரியாகிவிடுகிறது. பழுப்பு நிலையில் இருப்பது வெந்நீரில் கரையும். முற்றிய கரியோ நம் சமையலறையிலுள்ள எந்தத் திரவத்துக்கும் மசியாது. ஆகவே நாம் செய்யவேண்டியது கரியைக் கரைப்பதன்று, கரிக்கும் உலோகத்துக்கும் உள்ள பிடிப்பைத் தளர்த்துவதே. அதற்கு முதல் ஔஷதம் தண்ணீரும் பொறுமையுமாம்: நீரூற்றி மெல்லக் கொதிக்கவைத்து இரவெல்லாம் ஊறவிட்டால், கை சலிக்கத் தேய்த்தும் போகாதது காலையில் மரக்கரண்டிக்கே பெயர்ந்து வருவதுண்டு.

அடுத்த ஔஷதம் விறகுச் சாம்பல்; அதில் பொட்டாசியம் கார்பனேட் என்னும் க்ஷாரம் இருக்கிறது. தேங்காய் நாரில் சாம்பலைத் தொட்டுத் தேய்க்கும்போது, க்ஷாரம் எண்ணெய்ப் பிசுக்கைச் சவர்க்காரமாக மாற்ற, சாம்பலின் நுண்துகள்கள் கரியை உராய்ந்து எடுக்கின்றன. காஸ் அடுப்பு வந்தபின் அந்த ஸ்தானத்தைச் சமையல் சோடா பெற்றுவிட்டது. எவர்சில்வர் பாத்திரத்தில் சோடா கலந்த நீரைக் கொதிக்கவிட்டால், சோடா மேலும் வலிய க்ஷாரமாகிக் காரியத்தை முடித்துவிடும். புளியின் அமிலம் பித்தளையிலும் செம்பிலும் ஏறிய கறையையும் களிம்பையும் நீக்குமேயன்றிக் கரியை ஒன்றும் செய்யாது. சோடாவையும் புளியையும் ஒன்றாகக் கொட்டி, பொங்கும் நுரையைக் கண்டு பரவசப்படுவோர் இக்காலத்தில் பெருகிவிட்டார்கள். க்ஷாரமும் அமிலமும் ஒன்றையொன்று அழித்துக்கொண்டபின் மிஞ்சுவது ஏறக்குறைய உப்புநீரே என்பதால், அந்த வேடிக்கையை நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

பாத்திரத்தின் ஜாதியையும் பார்க்கவேண்டும். அலுமினியத்தைச் சோடா கறுக்கச் செய்யும். இரும்புச் சட்டியில் புளியை ஊறவிட்டால், நாள்பட எண்ணெய் ஏறிப் படிந்த பக்குவம் கெட்டுத் துருவேறும். வெள்ளீயம் பூசிய பித்தளையானால் விஷயமே வேறு: வெள்ளீயம் 232 டிகிரியிலேயே உருகிவிடுமாகையால், வெறும் பாத்திரமாக அடுப்பில் காய்ந்தபோதே பூச்சு குலைந்திருக்கக்கூடும்; அதன்மேல் செங்கல் தூளும் புளியும் இட்டுத் தேய்த்தால் மிச்சமும் போய், அடுத்து வைக்கும் ரசம் பித்தளையோடு நேரே கலந்து கைத்துப்போகும். கரியை ஊறவைத்து மெல்ல அகற்றிவிட்டு, ஈயம் பூசுகிறவரிடம் கொடுத்துவிட வேண்டியதுதான்.